கடல் கடந்த சொத்துக்கு வாய்ச்சொல் போதாது

தமிழ்க் குடும்பங்களில் சொத்துப் பிரிப்பு வெகுகாலம் பேச்சிலேயே நடந்தது. வீடு சின்னவனுக்கு, நஞ்சை பெரியவனுக்கு, பெண்ணுக்குத்தான் நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்றே என்று தகப்பனார் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டால் பெரும்பாலும் அது நின்றது. பெண்களுக்கு அந்த ஏற்பாடு நியாயம் செய்யவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் அது நடைமுறையில் செல்லுபடியானதற்கு ஒரு காரணம் இருந்தது. சொன்னதைக் கேட்ட பங்காளியும் தாய்மாமனும் ஊர்ப் பெரியவரும் அதே தெருவில் இருந்தார்கள், சொத்தும் அதே ஊரில் இருந்தது. இன்று வீடு கோயம்புத்தூரில், சேமிப்பு துபாய் வங்கியில், கம்பெனி கொடுத்த பங்குகள் அமெரிக்கத் தரகு நிறுவனத்தில், ஓய்வுக்கால நிதி சிங்கப்பூரில் என்று ஒரே குடும்பத்தின் உடைமை நாலு நாடுகளில் கிடக்கிறது. அதைக் கைமாற்றித் தர வேண்டியவர்கள் வங்கி அதிகாரியும் தாசில்தாரும் வெளிநாட்டு நீதிமன்ற எழுத்தரும். அவர்களில் ஒருவருக்கும் அந்தத் தகப்பனாரைத் தெரியாது, காகிதத்தை மட்டுமே தெரியும். ஆகவே உயில் பெரும் பணக்காரர்களின் சங்கதி என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும். நடுத்தர வருமானமும் நாடு கடந்த வாழ்க்கையும் உள்ள குடும்பத்துக்குத்தான் அது அதிக அவசியம். அப்படிப்பட்ட குடும்பத்துக்கு ஒரே ஒரு உயிலும் பல நேரங்களில் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதற்கு அடிப்படையாக ஒரு சட்ட விதி உண்டு. நிலம், வீடு போன்ற அசையாச் சொத்து எந்த நாட்டில் இருக்கிறதோ, அந்த நாட்டுச் சட்டப்படிதான் வாரிசுகளுக்குப் போகும். வங்கிப் பணம், பங்கு, நகை போன்ற அசையும் சொத்து, இறந்தவர் எந்த நாட்டை நிரந்தர வாழ்விடமாகக் கொண்டிருந்தாரோ அந்த நாட்டுச் சட்டப்படி போகும் என்பது இந்தியாவிலும் பிரிட்டனைப் பின்பற்றிய நாடுகள் பலவற்றிலும் உள்ள பொதுக் கோட்பாடு. நிரந்தர வாழ்விடம் என்பதைப் பாஸ்போர்ட்டோ விசாவோ மட்டும் தீர்மானிப்பதில்லை. எங்கே கடைசிவரை தங்குவதாக நினைத்து ஒருவர் வாழ்ந்தார் என்பதை அவரது நடவடிக்கைகளை வைத்துப் பிறகு யாரோ முடிவு செய்கிறார்கள். இருபது வருஷம் வெளிநாட்டில் இருந்துகொண்டு, ஊருக்குத் திரும்பிவிடுவேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தவர் விஷயத்தில் இந்த முடிவு எவ்வளவு சிக்கலாகும் என்பதை ஊகிப்பது கடினமில்லை.

ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால் விளங்கும். துபாயில் வேலை பார்க்கும் நாற்பத்தைந்து வயது இந்து ஒருவர் உயில் எழுதாமல் திடீரென்று இறந்துபோகிறார். மனைவி, பள்ளியில் படிக்கும் மகன், மகள், ஊரில் அம்மா. அவர் சுயமாகச் சம்பாதித்து வாங்கிய கோயம்புத்தூர் அடுக்குமாடி வீடு 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நாலு சம பாகமாகிறது: மனைவிக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று, அம்மாவுக்கு ஒன்று. கணவனின் வீடு முழுவதும் தன்னுடையது என்று நினைத்திருந்த மனைவிக்குக் கால் பங்குதான். வீட்டுக் கடனை அடைக்க அவர் வீட்டை விற்க நினைத்தாலும் முடியாது. மைனர் பிள்ளைகளின் அசையாச் சொத்தைத் தாயே ஆனாலும் நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்கக் கூடாது என்று அதே 1956இல் வந்த இந்து மைனர் காப்பாளர் சட்டம் சொல்கிறது. மனுப் போட்டு, விற்பது பிள்ளைகளின் நன்மைக்கே என்று காட்டி, அனுமதி வாங்கி, அதற்குப் பிறகுதான் வாங்குபவரைத் தேட வேண்டும். இதற்குள் மாமியாரும் காலமாகிவிட்டால், அவருடைய கால் பங்கு இறந்த மகனின் பிள்ளைகளோடு அவருடைய மற்ற மக்களுக்கும் போகிறது. மைத்துனரும் நாத்தனாரும் அந்த வீட்டின் கூட்டுச் சொந்தக்காரர்கள் ஆகிறார்கள். யாரும் யாருக்கும் துரோகம் செய்யவில்லை, சட்டம் தன் போக்கில் நடந்தது, அவ்வளவுதான்.

துபாயில் உள்ள பணத்துக்குக் கதை வேறு. முஸ்லிம் அல்லாதவர்களுக்காக ஐக்கிய அரபு அமீரகம் கொண்டுவந்து 2023 பிப்ரவரி 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, உயில் இல்லாவிட்டால் பாதி மனைவிக்கு, மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. பிள்ளைகள் இருக்கும்போது அம்மாவுக்கு அங்கே பங்கு இல்லை. சொந்த நாட்டுச் சட்டப்படி பிரிக்கச் சொல்லி வாரிசுகள் கேட்கவும் வழி உண்டு. ஆக, மகனின் வீட்டில் கால் பங்கு உள்ள அம்மாவுக்கு அதே மகனின் வங்கிக் கணக்கில் ஒன்றுமே இல்லாமலும் போகலாம், கால் பங்கு கிடைக்கவும் செய்யலாம். எது என்பது மருமகளும் மாமியாரும் எந்தச் சட்டத்தைக் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. துக்கத்தில் இருக்கும் இரண்டு பெண்களை எதிரெதிரே நிறுத்த இதைவிட நிச்சயமான வழி கிடையாது. அவர் உயிரோடிருந்தபோது, அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொள்ள இவ்வளவு, மீதி மனைவி பிள்ளைகளுக்கு என்று எழுதிப் பதிந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. முஸ்லிம் அல்லாதவர்களின் உயிலைப் பதிவு செய்ய துபாயில் 2015 முதல் தனி ஏற்பாடே இருக்கிறது. பிள்ளைகளின் காப்பாளர் யார் என்பதையும் அதில் எழுதலாம். தாய் தகப்பன் இருவரும் ஒரே விபத்தில் போய்விட்டால் என்ன ஆகும் என்று யோசிக்கவே மனம் கூசும். கூசினாலும் யோசித்துத்தான் ஆக வேண்டும்.

அமெரிக்கப் பங்குகளின் கதைதான் பலருக்கும் தெரியாதது. அமெரிக்காவில் காலே வைக்காமல், சென்னையில் உட்கார்ந்து தாய் நிறுவனத்தின் பங்குகளை ஊதியத்தின் ஒரு பகுதியாகப் பெறும் மென்பொருள் ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அமெரிக்கக் குடிமக்களுக்கு 2026 முதல் ஒன்றரைக் கோடி டாலர் வரை மரணச் சொத்து வரி கிடையாது. ஆனால் அந்நாட்டுக் குடிமகனும் அங்கே நிரந்தரமாக வாழ்பவரும் அல்லாத ஒருவருக்கு விலக்கு வெறும் 60,000 டாலர். அமெரிக்க நிறுவனப் பங்கு எந்த ஊரில் இருந்துகொண்டு வாங்கப்பட்டிருந்தாலும் அமெரிக்காவில் உள்ள சொத்தாகவே கருதப்படும். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் வருமான வரி ஒப்பந்தம் இருக்கிறது, மரணச் சொத்து வரிக்கு ஒப்பந்தம் இல்லை. இரண்டு லட்சம் டாலர் மதிப்புள்ள பங்குகளை விட்டுச் சென்றவரின் கணக்கைப் போட்டால், கழிவுகள் எதுவும் இல்லாத நிலையில் வரி ஏறக்குறைய 41,800 டாலர் வருகிறது. இறந்து ஒன்பது மாதத்துக்குள் படிவம் தாக்கல் செய்ய வேண்டும். அமெரிக்க வரித்துறை அனுமதிச் சான்று தரும்வரை தரகு நிறுவனம் பங்குகளைக் கைமாற்றாது. இதைத் தவிர்ப்பது சட்டப்படி சுலபம். பங்கு கைக்கு வந்ததும் அவ்வப்போது விற்று, அமெரிக்கச் சந்தையில்தான் இருக்க வேண்டும் என்று விரும்புவோர் அங்கே முதலீடு செய்யும் இந்திய மியூச்சுவல் ஃபண்டுக்கு மாறிவிடலாம். அந்த யூனிட் இந்தியச் சொத்து, இந்த வரிக்குள் வராது. ஆனால் இந்த முடிவை உயிரோடிருப்பவர் மட்டுமே எடுக்க முடியும்.

இந்தியாவில் இப்படி ஒரு வரி 1953இல் வந்து 1985இல் ஒழிக்கப்பட்டது. இன்று வாரிசாகச் சொத்து பெறுவதற்கு இங்கே வரி இல்லை. நம்மவர்கள் உயிலை அலட்சியப்படுத்துவதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று எனக்குத் தோன்றுகிறது. பிரிட்டனில் 3,25,000 பவுனுக்கு மேல் 40 சதவீத வரி என்ற நிலை 2009 முதல் மாறவில்லை. 2025 ஏப்ரல் 6 முதல், கடந்த 20 ஆண்டுகளில் 10 ஆண்டு பிரிட்டனில் வாழ்ந்தவரின் உலகெங்கும் உள்ள சொத்து அந்தக் கணக்குக்குள் வரும். தஞ்சாவூர் வீடும் விதிவிலக்கல்ல. 1956ஆம் ஆண்டு இந்திய, பிரிட்டிஷ் ஒப்பந்தம் ஒன்று இந்தியாவை நிரந்தர வாழ்விடமாகக் கொண்டவர்களுக்கு இந்தியச் சொத்து விஷயத்தில் பாதுகாப்பு தருகிறது. ஆனால் அந்தச் சொத்து பிரிட்டிஷ் சட்டத்துக்கு உட்பட்ட உயிலின் வழியாகக் கைமாறினால் அந்தப் பாதுகாப்பு பறிபோகலாம். தஞ்சாவூர் வீட்டுக்கு லண்டன் வக்கீல் எழுதிய உயிலே போதும் என்று விட்டுவிடுவதற்கும், அதற்கென்று தஞ்சாவூரில் தனியாக ஓர் உயில் எழுதுவதற்கும் இடையில் இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது.

இரண்டு நாட்டில் சொத்து இருந்தால் இரண்டு உயில் நல்லது என்று சொல்வதற்கு வரி மட்டும் காரணமில்லை. வெளிநாட்டில் எழுதிய ஒரே உயிலை நம்பினால், அங்கே நீதிமன்றம் அதை உறுதிசெய்யும்வரை காத்திருந்து, அதன் அத்தாட்சி பெற்ற நகலை இங்கே கொண்டுவந்து, இந்திய நீதிமன்றத்தில் மறுபடி உத்தரவு வாங்க வேண்டி வரலாம். தனித்தனி உயில் இருந்தால் இரண்டு வேலையும் ஒரே சமயத்தில் நடக்கும். ஆனால் இதில் ஒரு பள்ளம் இருக்கிறது, படித்தவர்களே அதில் விழுகிறார்கள். உயில்களின் முதல் பத்தியில் “இதற்கு முன் நான் எழுதிய எல்லா உயில்களையும் இதன் மூலம் ரத்து செய்கிறேன்” என்ற வாக்கியம் வழக்கமாக இடம்பெறும். வக்கீல்கள் வைத்திருக்கும் மாதிரியிலேயே அது இருக்கும். மதுரையில் வீட்டுக்காக 2015இல் உயில் எழுதியவர், 2022இல் மெல்பர்னில் அங்குள்ள சொத்துக்காக இன்னொன்று எழுதி, இந்த வாக்கியத்தைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டால், மதுரை உயில் செத்துப்போனதாகவே வாதாடலாம். மெல்பர்ன் உயில் மதுரை வீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்றால், அந்த வீடு உயிலே எழுதாதவரின் வீடாகிவிடும். ஒவ்வோர் உயிலிலும் அது எந்த நாட்டுச் சொத்துக்கு மட்டும் உரியது, எந்த உயிலை ரத்து செய்யவில்லை என்று இரண்டு வரி சேர்த்தால் இந்த ஆபத்து நீங்கும். ரத்து செய்யும் வேலையைக் கல்யாணமும் செய்யும். இங்கிலாந்திலும் சிங்கப்பூரிலும் திருமணம் ஆனதும் பழைய உயில் பொதுவாகத் தானாக ரத்தாகிவிடும். இந்தியாவில் கிறிஸ்தவருக்கும் அப்படியே, இந்துவுக்கு ஆகாது.

நாமினி போட்டிருக்கிறோமே, போதாதா என்று கேட்பவர்கள் அதிகம். இந்தியாவில் போதாது. நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தை வாங்கி உரிய வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவர், சொந்தக்காரர் அல்ல. காப்பீட்டு விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 1984இலேயே இதைச் சொன்னது. கம்பெனிப் பங்குகளுக்கும் இதுவே என்று 2023 டிசம்பரில் உறுதிசெய்தது. 2015க்குப் பிறகு காப்பீட்டில் மட்டும், நாமினி மனைவி, கணவர், பெற்றோர், பிள்ளைகள் என்றால் அவர்களுக்கே பயன் சேரும்படி சட்டம் திருத்தப்பட்டது. சிங்கப்பூரில் நிலைமை நேர் எதிர். அங்குள்ள மத்திய சேமநிதிப் பணத்தை உயில் தொடவே முடியாது, நாமினியாகப் பதிந்தவருக்குத்தான் போகும். கல்யாணத்துக்கு முன் அம்மாவின் பெயரைப் பதிந்திருந்தால் கல்யாணத்தோடு அது ரத்து. மறுபடி பதியாவிட்டால் அரசுப் பொது அறங்காவலர் சட்டப்படி பிரித்துக் கொடுப்பார். நாமினியே போடாமல் விடுவதும் இந்தியாவில் சாதாரணம். பத்தாண்டு யாரும் உரிமை கோராமல் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்ச் சேர்ந்த தொகை 2024 மார்ச் முடிவில் 78,213 கோடி ரூபாய். இதில் பிள்ளைகளுக்குத் தெரியாமலே கிடக்கும் பெற்றோரின் கணக்குகளும் உண்டு.

பெண்கள் உயில் எழுதாமல் இருப்பதைப் பற்றித் தனியே பேச வேண்டும், ஏனென்றால் சட்டம் அவர்களிடம்தான் அதிகம் கொடுமை செய்கிறது. இந்துப் பெண் ஒருவர் உயிலின்றி இறந்தால் சொத்து முதலில் பிள்ளைகளுக்கும் கணவனுக்கும். அவர்கள் இல்லாவிட்டால் கணவனின் வாரிசுகளுக்கு. அதற்குப் பிறகுதான் பெற்ற தாய் தகப்பனுக்கு. பெற்றோரிடமிருந்து வந்த சொத்துக்கு மட்டும், பிள்ளையில்லாத நிலையில், அது தகப்பனார் வழிக்குத் திரும்பும் என்ற விலக்கு உண்டு, சுயசம்பாத்தியத்துக்கு அந்த விலக்கு இல்லை. 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கில், கல்யாணமான சில மாதங்களில் கணவனைப் பாம்பு கடித்து இறக்க, புகுந்த வீட்டார் விரட்டிவிட்ட பெண்ணைப் பெற்றோர் படிக்கவைத்து ஆளாக்கினார்கள். அவர் வேலைக்குப் போய்ச் சேர்த்த சேமநிதியும் வங்கிப் பணமும் அவர் இறந்த பிறகு, நாற்பது வருஷம் திரும்பியே பார்க்காத கணவனின் சகோதரி மக்களுக்குப் போயின. அனுதாபத்தை வைத்துச் சட்டத்தை மாற்றிப் படிக்க முடியாது என்றது நீதிமன்றம். லண்டனில் நர்சாக இருப்பவரும் சென்னையில் கம்பெனி நடத்துபவரும், இந்தியாவில் உள்ள தங்கள் வீட்டைப் பொறுத்தவரை, இதே சட்டத்தின் கீழ்தான் இருக்கிறார்கள். ஒரு பக்கக் காகிதம் இதை மாற்றிவிடும். பெண்கள் உயில் எழுதி வைக்க வேண்டும் என்று 2025இல் உச்ச நீதிமன்றமே கேட்டுக்கொண்டது.

உயில் எழுதினால் சண்டை வரும், அபசகுனம் என்ற ஆட்சேபம் பழையது. எழுதியதால் வந்த சண்டைகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவற்றைப் பார்த்தால் பெரும்பாலும் எழுதிய விதத்தில்தான் கோளாறு: படுத்த படுக்கையில் எழுதியது, பங்கு பெறும் மகனே வக்கீலை அழைத்துவந்தது, ஒரு மகளைக் காரணம் சொல்லாமல் விட்டது, சாட்சிகள் யாரென்றே தெரியாதது. இப்படிச் சந்தேகத்துக்கு இடமான சூழ்நிலை இருந்தால் உயிலை முன்வைப்பவர்தான் அதைத் தெளிவுபடுத்த வேண்டும் என்று 1959 முதல் நீதிமன்றங்கள் சொல்லிவருகின்றன. நல்ல ஆரோக்கியத்தில் இருக்கும்போது, பங்கு பெறாத இருவரைச் சாட்சியாக வைத்து, யாருக்கேனும் குறைத்தால் ஏன் என்று ஒரு வரி எழுதி, பதிவும் செய்துவிட்டால் எதிர்வழக்குக்குப் பிடி குறைவு. சாட்சி விஷயத்தில் வெளிநாடு வாழ்வோர் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். உயிலை நிரூபிக்கச் சாட்சிகளில் ஒருவராவது, உயிரோடு இருந்தால், நீதிமன்றத்தில் சொல்ல வேண்டியிருக்கும். துபாய் அலுவலக நண்பர்களைச் சாட்சியாக வைத்தால் இருபது வருஷம் கழித்து அவர்களை எங்கே தேடுவது? ஊரில் உள்ள, தன்னைவிட இளையவர்களே நல்லது.

இன்னொரு ஆட்சேபத்தில் நியாயம் அதிகம். உயிலுக்குப் பதில் உயிரோடிருக்கும்போதே செட்டில்மென்ட் பத்திரம் எழுதிவிட்டால் பிற்கால வழக்கே இல்லையே என்பார்கள். தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்ட்டுக்கு முத்திரைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு இருப்பதால் செலவும் குறைவு. ஆனால் அது எழுதிய நாளிலேயே சொத்து கைவிட்டுப் போய்விடுகிறது. உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், செட்டில்மென்ட்டை அப்படி மாற்ற முடியாது. பராமரிக்காத பிள்ளையிடமிருந்து சொத்தைத் திரும்பப் பெற 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவு இருப்பது உண்மைதான். எழுபது வயதில் அந்தப் பிரிவைத் தேடி அலைய வேண்டிய நிலைக்கு யாரும் தன்னை ஆளாக்கிக்கொள்ளக் கூடாது. குடியிருக்கும் வீட்டுக்கு உயில்தான் சரி என்பது என் முடிவு. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் நம்பியிருக்கும் பவர் பத்திரத்துக்கும் ஆயுள் குறைவு, கொடுத்தவர் இறந்த கணமே அது செல்லாது.

எல்லோருக்கும் ஒரே விதி இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். முஸ்லிம்கள், மற்ற வாரிசுகளின் சம்மதம் இல்லாமல், சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது. சன்னி வழக்கப்படி, ஏற்கெனவே பங்குள்ள வாரிசுக்கு எழுதவும் மற்றவர்கள் சம்மதம் வேண்டும். வளைகுடாவில் சொத்துள்ள முஸ்லிம் குடும்பங்கள் ஹிபா எனப்படும் கொடையையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும். பூர்வீகச் சொத்தில் பங்கு உள்ள இந்து தன் பங்கை மட்டுமே உயிலில் எழுத முடியும். 1989இல் தமிழ்நாடும் 2005இல் மத்திய அரசும் செய்த திருத்தங்களால் மகள்களும் அதில் பிறப்புரிமை பெற்றவர்கள். அவர்களை விட்டுவிட்டு எழுதிய ஏற்பாடு நிற்காது. வெளிநாட்டுக் குடிமகனான பிள்ளை ஊர் நிலத்தை வாரிசாகப் பெறலாமா என்ற பயம் தேவையில்லை. இந்திய வம்சாவளியினர் விவசாய நிலத்தை விலைக்கு வாங்கத்தான் முடியாது, வாரிசாகப் பெறலாம். விற்ற பணத்தை வரி கட்டிய பிறகு நிதியாண்டுக்குப் பத்து லட்சம் டாலர் வரை வெளியே கொண்டுபோகலாம்.

செய்ய வேண்டிய வேலை உண்மையில் சிறியது. எந்த நாட்டில் என்ன இருக்கிறது, எந்த வங்கி, எந்தக் கணக்கு, யார் நாமினி, பத்திரம் எங்கே என்று ஒரு பட்டியல். ஒவ்வொரு நாட்டுச் சொத்துக்கும் ஒன்றையொன்று ரத்து செய்யாத உயில். அதை நிறைவேற்றப் பொறுப்பான ஒருவர், அவர் கூடுமானவரை அந்த நாட்டில் இருப்பவராக. இந்தியாவில் உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை, ஆனாலும் பதிந்துவிடுங்கள். யாரும் இப்போதே படிக்க வேண்டாம் என்று நினைத்தால் உறையில் மூடி முத்திரையிட்டு மாவட்டப் பதிவாளரிடம் வைக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. அடுத்த விடுமுறைக்கு ஊருக்கு வருபவர்கள் ஒரு நாளை இதற்கு ஒதுக்குங்கள். வெளிநாட்டில் ஏற்கெனவே உயில் எழுதியிருந்தால் அதன் முதல் பத்தியை இன்றே எடுத்துப் படித்து, ஊரில் எழுதி வைத்ததை அது ரத்து செய்கிறதா என்று பாருங்கள். மனைவியும் தன் பங்குக்குத் தனியாக ஓர் உயில் எழுதட்டும்.